போர்க்களத் துவக்கைக் காட்டுக்குக் கொண்டுவந்த சாமுவேல் பேக்கர்

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் வயல்வெளிகளைத் தாண்டியதும் காண்கின்ற ஊர்களுள் ஒன்று கரடியனாறு. பெயரில் கரடியைச் சுமந்து நிற்கும் இவ்வூர் இன்று செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் யானையின் பொருட்டே. வேளாண்மை விளையும் காலத்தில் படுவான்கரைக் கிராமங்களில் உறக்கம் கலைந்த இரவுகளே அதிகம். மனிதரும் மாள்கின்றனர், யானைகளும் மாள்கின்றன. இலங்கை முழுவதிலும் 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் அதிகமான யானைகளும் 100க்கும் அதிகமான மனிதர்களும் இப்பகையில் உயிரிழந்தமை பதிவாகியுள்ளது.

கரடியனாற்றைக் கடக்கும் அதே வீதி மகா ஓயா, பிபிலை, பதுளை என்று மலையேறி, நுவரெலியாவைத் தொட்டுப் பேராதனையில் முடிவடைகின்றது. இன்றைய வடிவில் அவ்வீதி அன்று இருக்கவில்லை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் மலைமுனையிலே குடியிருந்த ஓர் ஆங்கிலேயர், கீழ்த்திசைக் காடுகளுக்குள் அடிக்கடி இறங்கி வந்தார். சேர் சாமுவேல் வைற் பேக்கர் என்பது அவர் பெயர். ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா சென்றவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்திருப்பர். நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்றவர் என்று பாடப் புத்தகங்களில் படித்தோரும் இருப்பர். நாம் இங்கு எடுத்துக்கொள்ள விரும்புவது அவரது வாழ்வின் இன்னொரு பக்கத்தை. படையினருக்காக உருவான துவக்கு முறையொன்றைத் தனி மனிதரின் வேட்டைக்கு ஏற்றதாக மாற்றுவித்து, அதனை இலங்கைக் காட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர்.

1821ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் திகதி இலண்டனில் பிறந்தார் பேக்கர். தந்தையாருக்கு மொரீசியசிலும் ஜமேக்காவிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகளின் உழைப்பில் விளைந்த செல்வம் அது. பிற்காலத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் படை நடத்திச் சென்றவரின் குடும்பம் இவ்வாறு செழித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அவரது சரிதையைப் படிக்க வேண்டியுள்ளது. 1843இல் ஹென்றியெற்றா மார்ட்டின் என்ற பெண்ணை மணந்தார். மொரீசியசில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சில காலம் இருந்தார். அங்கு மனம் பொருந்தவில்லை. யானை வேட்டைக்குப் பெயர்பெற்ற இலங்கையை நாடி 1840களின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தார்.

அவர் வந்தபோது இங்கிருந்த நிலைமை விநோதமானது. ஆங்கிலேய அரசாங்கமே யானையைக் கொல்பவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. கொன்ற யானையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் 10 சிலிங். கொலை மிதமிஞ்சிப் போகவே அது சில மாவட்டங்களில் 7 சிலிங்காகக் குறைக்கப்பட்டது, வேறு சில மாவட்டங்களில் அடியோடு நிறுத்தப்பட்டது. மலாய் முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் பணியாற்றிய இலங்கை றைபிள் படைப்பிரிவின் அதிகாரியாகவும் பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்படுகின்றது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார்.

இத்தனை யானைகளும் பெரும்பாலும் வீழ்ந்தது மழமழப்பான குழலைக் கொண்ட துவக்குகளால் என்பதே கவனிக்கத்தக்கது. குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் குண்டு சுழலாது. சுழலாத குண்டு தூரத்தில் தடம் மாறும். ஆகவே வேட்டைக்காரர் யானைக்கு மிக அருகில் செல்ல வேண்டியிருந்தது. சில முழ தூரத்தில் நின்று நெற்றிக்குக் குறி வைப்பதே வழக்கம். குழலின் உட்புறத்தில் திருகுபோலச் சுழன்று செல்லும் பள்ளங்களை வெட்டிய றைபிள் என்ற துவக்கு அப்போது இலங்கையின் வேட்டைக்காரரிடையே புழக்கத்தில் இல்லை என்று பேக்கர் முதுமையில் எழுதிய நூலில் தெரிவிக்கின்றார். அதனைக் கொண்டுவந்தவர் தாமே என்பதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

அந்தத் துவக்கின் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1830களின் பிற்பகுதியில் பிரித்தானியப் படை பிரன்ஸ்விக் என்னும் றைபிளை ஏற்றுக்கொண்டது. பெயர் சுட்டுவது போலவே அதன் மூலக் கருத்து ஜேர்மனியிலுள்ள பிரன்ஸ்விக் நாட்டிலிருந்து இறக்குமதியானது. குழலினுள் இரண்டே இரண்டு ஆழமான பள்ளங்கள். குண்டு உருண்டை வடிவம். அதன் நடுவே அரைஞாண் கட்டியது போல ஒரு வரம்பு. அவ்வரம்பு பள்ளங்களில் பொருந்தினால்தான் குண்டு உள்ளே இறங்கும். படையினருக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. நாலைந்து முறை சுட்டதும் கரிமருந்தின் கசடு பள்ளங்களில் படிந்துவிடும். எதிரி நெருங்கி வரும் வேளையில் குண்டை அடித்து அடித்து இறக்க வேண்டிய நிலை.

சிப்பாய்க்குக் குறையாக இருந்தது வேட்டைக்காரருக்குக் குறையாக இருக்கவில்லை. அவர் நூறு முறை சுடப் போவதில்லை. ஒரு துவக்கு வெடித்ததும் அடுத்ததை எடுத்து நீட்டப் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். பாரமும் ஒரு பொருட்டல்ல, தூக்கிச் செல்பவர் வேறொருவர் தானே! இதனை உணர்ந்த இளைஞர் பேக்கர் 1840இல், தமது 19ஆவது வயதில், பிரிஸ்டல் நகரத்துத் துவக்குச் செய்வினைஞரான கிப்ஸ் என்பவரிடம் சென்று, தாம் எண்ணியவாறு ஒரு துவக்கைச் செய்வித்துக்கொண்டார். படையினரின் அதே இரு பள்ள முறை, அதே வரம்பிட்ட குண்டு. ஆனால் அளவுகள் வேறு. நிறை 21 இறாத்தல். அதாவது சிப்பாய் சுமந்த றைபிளைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். ஒரு வெடிக்கு இடும் மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். அக்கால வழக்கத்துக்கு இது மிதமிஞ்சிய அளவு. ஆயினும் துவக்கு தாங்கியது. கூடவே 16 இறாத்தல் நிறையுள்ள மற்றொரு நீண்ட றைபிளும், இரட்டைக் குழல் றைபிள்கள் நான்கும் அவரது தொகுப்பில் இருந்தன. மழமழக் குழல் துவக்குகளை அவர் ஒரு கணக்கில் சேர்த்ததில்லை.

படைக்கலம் ஒன்று தனியார் கைக்கு வரும்போது நிகழும் மாற்றம் இதில் தெளிவாகத் தெரிகின்றது. சண்டையில் இருதரப்பாரிடமும் துவக்கு உண்டு. ஆகவே விரைவும் இலேசும் முக்கியம். காட்டில் ஒரு தரப்பாரிடம் மட்டுமே துவக்கு உண்டு. அங்கே வேண்டியது அடியின் பலம் ஒன்றே.

1848இல் பேக்கர் மீண்டும் இலங்கை வந்தார். இம்முறை தனியாக அன்று. குடும்பம், சகோதரர் வலன்ரைன், தொழிலாளர், கொல்லர், கால்நடைகள், ஏர்கள் என்று ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து நுவரெலியாவில் இறக்கினார். மகாகஸ்தோட்டை என்ற இடத்தில் பண்ணை உருவானது. வலன்ரைன் பின்னர் இலங்கை றைபிள் படைப்பிரிவில் சேர்ந்தார். அங்கு தொடங்கிய அவரது படை வாழ்க்கை, பல திருப்பங்களுக்குப் பின், உஸ்மானிய சுல்தானின் படையில் பாஷா பட்டத்துடன் உயர்ந்து நின்றது.

நுவரெலியாவின் குளிரில் கடமானை நாய்களைக் கொண்டு வேட்டையாடிய பேக்கர், யானைக்காகக் கீழே இறங்கினார். ஊவா மலையடிவாரத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட, புல்வெளியும் காடும் மாறி மாறி வரும் நிலப்பரப்பை ஆங்கிலேயர் பூங்கா நாடு என்று அழைத்தனர். வேடர்கள் வாழ்ந்த நிலம் அது. யானைகள் கூட்டங் கூட்டமாக மேய்ந்த அப்பரப்பில் பேக்கரும் நண்பர்களுமாக நால்வர் சென்ற ஒரு பயணத்தில் மட்டும், மூன்று வாரங்களில் 50 யானைகள் வீழ்ந்தன. தந்தம் இல்லை, இறைச்சியும் தேவையில்லை. இலங்கை யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது என்பதை நாம் அறிவோம். எதற்காகக் கொன்றார்கள் என்று கேட்டால், விளையாட்டுக்காக என்பதைத் தவிர விடை இல்லை. பேக்கர் அதனை மறைக்கவும் இல்லை. 1854இல் வெளியான அவரது முதல் நூலில் ஒவ்வொரு சூடும், குண்டு புகுந்த இடமும், வீழ்ந்த விதமும் தேர்ந்த ஒரு கைவினைஞரின் நுணுக்கத்துடன் எழுதப்பட்டுள்ளன. படிப்பதற்கு விறுவிறுப்பான நூல்தான். படித்து முடித்தபின் மனம் கனக்கின்றது.

இதே காடுகளில் யானையை வேறு விதமாக அணுகிய மனிதரும் இருந்தனர். யானை பிடிக்கும் பணிக்கர்கள் இலங்கையின் வடக்கு, வடகிழக்குப் பகுதிச் சோனகக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் என்று எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். நமது மாவட்டத்தில் ஏறாவூர்ப் பணிக்கர்கள் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய வார்க்கயிறே அவர்களது கருவி. காற்றின் திசை பார்த்து, யானையின் பின்னால் ஓசையின்றி ஊர்ந்து, பின்னங்காலில் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். இரண்டு பேர் போதும். கயிறு நழுவினால் உயிர் போகும். பிடிபட்ட யானை பழக்கப்பட்டு இந்தியாவுக்கு விலையாகச் சென்றது. காட்டில் தடம் பார்ப்பதில் சோனகருக்கிருந்த திறமையைப் பேக்கரும் அறிந்திருந்தார். பணிக்கரின் கையிலும் யானை விற்பனைப் பொருளே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பருவத்தில் ஒருவர் பிடிக்கக் கூடியவை சிலவே. வார்க்கயிற்றால் ஒரு காட்டை வெறுமையாக்க இயலாது.

உள்ளூர் மக்களிடம் துவக்கு இருக்கவில்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. துப்பாக்கி, துவக்கு ஆகிய சொற்களே துருக்கி மொழிவழி வந்தவை. போர்த்துக்கேயர் கொண்டுவந்த துவக்கைக் கண்டு, அதனிலும் நேர்த்தியாகச் செய்யப் பழகிய கம்மியர் இந்நாட்டில் இருந்தனர். ஆயினும் பேக்கரின் காலத்தில் கிராமத்தவரிடம் இருந்தவை பழைய மழமழக் குழல்களே. அவற்றைக் கொண்டு பயிரைக் காத்தார்கள், மானையும் பன்றியையும் சுட்டார்கள். கறிக்காகச் சுடுபவனைக் காட்டின் எதிரி என்றும், வெறும் களிப்புக்காகச் சுடும் தம்மை விளையாட்டு வீரர் என்றும் அக்காலத்து ஆங்கில வேட்டைக்காரர் பலர் எழுதினர். அப்பார்வை பிற்காலச் சட்டங்களிலும் புகுந்துகொண்டது என்றே நாம் கருதுகின்றோம்.

1855இல் பேக்கர் குடும்பம் இலங்கையை விட்டு நீங்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே பிரான்சில் ஹென்றியெற்றா காய்ச்சலால் இறந்துபோனார். நான்கு பெண் குழந்தைகளைச் சகோதரியின் பொறுப்பில் விட்டுவிட்டு அலையத் தொடங்கினார் பேக்கர். 1859இல் பஞ்சாப் இளவரசர் துலீப் சிங்குடன் தன்யூப் ஆற்றின் வழியே பயணம் செய்தபோது, உஸ்மானிய ஆட்சியிலிருந்த விடின் நகரின் அடிமைச் சந்தையில் விலைக்கு நிறுத்தப்பட்டிருந்த புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணைக் கண்டு அழைத்துச் சென்றார். அன்று முதல் அவரது எல்லாப் பயணங்களிலும் புளோரன்ஸ் உடனிருந்தார். இருவரும் நைல் நதி வழியே சென்று 1864 மார்ச் மாதம் ஆபிரிக்காவின் பேரேரி ஒன்றைக் கண்டு அதற்கு அல்பேர்ட் என்று பெயரிட்டனர். 1866இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. விக்ரோரியா மகாராணி மட்டும் அத்தம்பதியரை அரண்மனையில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்பயணத்தில் அவர் கொண்டுசென்ற துவக்குகளுள் ஒன்று அரை இறாத்தல் எடையுள்ள வெடிகுண்டை எறிவது. குழந்தை என்று அவர் செல்லப் பெயரிட்ட அதனை அரபிகள் பீரங்கியின் பிள்ளை என்று பொருள்பட அழைத்தனர். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் சுட்டவரையே சுழற்றிவிடும் அதனைத் தொடப் பேக்கரே தயங்கினார். அதே நாட்டில் ஹம்ரான் அரபு வேட்டைக்காரரை அவர் சந்தித்தார். அவர்கள் குதிரையில் விரட்டிச் சென்று, நெருங்கியதும் இறங்கி, வாளால் ஒரே வீச்சில் யானையின் பின்கால் நரம்பை அறுப்பவர்கள். பேக்கர் வேறெந்த வேட்டைக்காரரையும் இவ்வளவு மனமாரப் புகழ்ந்ததில்லை. ஏறாவூர்ப் பணிக்கரின் துணிவுக்கு அங்கே ஒரு உடன்பிறப்பு இருந்தது எனலாம்.

1869இல் எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் இஸ்மாயில், நைலின் மேற்பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கி அந்நிலத்தை எகிப்துடன் இணைக்கும் பொறுப்பைப் பேக்கரிடம் ஒப்படைத்தார். பாஷா என்ற பட்டமும் நான்கு ஆண்டுப் பதவியும் கிடைத்தன. எகிப்தியரும் சூடானியருமான முஸ்லிம் சிப்பாய்களிலிருந்து நாற்பதுக்குச் சற்று அதிகமானவரைத் தெரிந்தெடுத்துத் தமது காவற்படையாக்கினார். களவுப் பழக்கத்தால் நாற்பது திருடர்கள் என்று முதலில் கேலிப் பெயர் பெற்ற அவர்கள், பின்னர் ஒழுங்கிலும் நேர்மையிலும் சிறந்து விளங்கியதாகப் பேக்கரே பதிந்துள்ளார். அவர்கள் கையில் இருந்தது சினைடர் றைபிள்.

சினைடர் என்பதே ஒரு மாற்றியமைப்பு. பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா என்ற பேச்சால் 1857இல் இந்து, முஸ்லிம் சிப்பாய்களை ஒருங்கே கிளர்ந்தெழச் செய்த என்பீல்ட் துவக்கை நமது வாசகர்கள் அறிவர். வாய்ப்புறத்தால் மருந்திட்ட அந்த என்பீல்டின் பின்பகுதியை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடியொன்றைப் பொருத்தினால் அதுவே சினைடர். நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டவன் பத்து முறை சுடலாம். 1872 ஜூனில் மசிந்தியில் புன்யோரோ மன்னர் கபலேகாவின் வீரர்கள் தாக்கியபோது, இந்த வேகமே பேக்கரின் சிறு படையைக் காத்தது. மசிந்தி எரிந்தது. அடிமைகளை மீட்க வந்தவர் ஊரை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். கபலேகா 1899 வரை வெளியாருக்கு அடிபணியாமல் போரிட்டார். உகண்டாவில் அவரே வீரர். பேக்கரை அங்குள்ளோர் நினைவுகூருவது வேறு விதமாக.

படைக்குப் புதிய துவக்கு வந்ததும் சினைடர்கள் பழைய சரக்காகின. அவற்றுட் பலவற்றின் உட்பள்ளங்களைக் கடைந்து மழமழப்பாக்கிச் சிதறு ரவைத் துவக்குகளாக மலிவு விலைக்கு விற்றனர் பேர்மிங்ஹாம் வணிகர். பிரெஞ்சுப் படை கழித்துவிட்ட துவக்குகள் பெல்ஜியத்தின் லியேஜ் பட்டறைகளில் இவ்வாறே உருமாறி அமெரிக்கப் பண்ணையாரிடம் சென்றன. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கும் பள்ளமில்லாத குழலையே கொடுத்தனர். காரணம் வணிகம் அன்று, அச்சம். 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவிலும் சூடானிலும் படைத் துவக்கின் அளவையொத்த .450 றைபிள்கள் தனியாருக்குத் தடுக்கப்பட்டபோது, துவக்கு வணிகர் .470, .465 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தனர். செல்வந்த வேட்டைக்காரருக்கு எந்தத் தடையும் ஒரு பருவத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

பேக்கர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தமது இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1890இல் வெளியிட்ட கடைசிப் பெருநூலை விலங்குகளைக் கொண்டு தொடங்காமல், அரை நூற்றாண்டுத் துவக்குகளின் வளர்ச்சியைக் கொண்டு தொடங்கினார். பிரிஸ்டலில் செய்வித்த அந்த 21 இறாத்தல் துவக்கை அப்போதும் அவர் மறக்கவில்லை. 1893 டிசம்பர் 30ஆம் திகதி காலமானார்.

அவர் காலத்துத் துவக்குகள் இன்று இலண்டன் ஏலக் கூடங்களில் விலைபோகின்றன. புகழ்பெற்ற வேட்டைக்காரர் கைபட்டது என்றால் விலை பன்மடங்கு. சேகரிப்போரிடையே ஒரு விசித்திரமும் உண்டு. கடைந்து, வெட்டி, குடிமக்கள் பயனுக்கு மாற்றப்பட்ட படைத் துவக்கைக் கெட்டுப்போன பொருளாகவே அவர்களிற் பலர் எண்ணுகின்றனர். மாற்றப்படாமல் அப்படியே தப்பியதற்கே மதிப்பு அதிகம்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்குக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டு விலங்குகளைப் பேணும் பொறுப்பை அரசுக்குத் தந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. ரொஜர்ஸ் ஒருவர் மட்டும் கொன்றதாகச் சொல்லப்படும் தொகையை இதனருகில் வைத்துப் பார்த்தால் அன்றைய அழிவின் அளவு விளங்கும். பேக்கர் நூலில் பரந்து கிடக்கும் பூங்கா நாட்டிலே இன்று குளங்களும் வயல்களும் வீதிகளும் குடியேற்றங்களும் உள்ளன. எஞ்சிய யானைகள் அவற்றுக்கு நடுவேதான் நடமாடியாக வேண்டும்.

கரடியனாற்று விவசாயியிடம் இன்று இருப்பவை யானை வெடியும், பந்தமும், ஊரார் சேர்ந்து எழுப்பும் கூக்குரலும். சட்டத்துக்குப் புறம்பான கட்டுத்துவக்கு பன்றிக்கென்று வைக்கப்பட்டு யானையின் காலையும் மனிதரின் காலையும் ஒன்றாகவே துளைக்கின்றது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையாக விண்ணப்பித்து, பொலிஸ் விசாரணையும் ஏனைய பரிசீலனைகளும் முடிந்து, உரிமம் கிடைத்தவர் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் பள்ளமில்லாத குழல் கொண்ட சிதறு ரவைத் துவக்கு. பேக்கர் ஒரு கணக்கிலும் சேர்க்காத அதே வகை.